கழுவியாயிற்று, காய்ந்ததா?

சைக்கிள் செயினைக் கழற்றி டிகிரீசரில் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவது எப்படி என்று விளக்கும் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அநேகமாக எல்லாமே "நன்றாகக் காயவிட்டு எண்ணெய் விடவும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். எவ்வளவு நேரம், எப்படி, காய்ந்துவிட்டதை எதை வைத்துச் சொல்வது என்ற பேச்சே இருக்காது. கழுவிய மறுநாளே செயினில் செம்மஞ்சள் தூள் படிகிறதா? புது எண்ணெய் விட்டும் இரண்டே சவாரியில் கிறீச்சிடுகிறதா? பெரும்பாலும் அந்த ஒற்றை வரிக்குள் விட்டுப்போன விஷயங்கள்தான் காரணம்.

ஆகவே கழுவி முடித்த பிறகு வரும் ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். செயினுக்குத்தான் அதிக இடம் போகும், ஏனென்றால் தொல்லை முழுக்க அங்கேதான். கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து), டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் கை), அதிலுள்ள ஜாக்கி சக்கரங்கள் (செயின் ஓடும் இரண்டு சிறு சக்கரங்கள்) எல்லாம் அதற்குப் பிறகு.

ஈரம் உட்காரும் இடம்

ஒரு கண்ணியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, எல்லாவற்றையும் துளைத்துப் போகும் ஒரு ரிவெட், நடுவில் உருளும் ரோலர். கியர் சைக்கிளின் இன்றைய செயின்களில் தனியாக புஷ் (ரிவெட்டைச் சுற்றி நிற்கும் குழல்) கிடையாது. உள்தகட்டுத் துளையின் விளிம்பையே உள்பக்கமாக இழுத்து, குட்டைக் குழாய் போல ஆக்கியிருப்பார்கள். இரு பக்கத்திலிருந்தும் வரும் அந்த இரண்டு குட்டைக் குழாய்களும் ரோலருக்குள் எதிரெதிராக நிற்கும், ஒன்றையொன்று தொடாது. நடுவில் மெல்லிய சந்து. வெளியிலிருந்து விடும் எண்ணெய் ரிவெட்டைச் சேருவது அந்தச் சந்து வழியாகத்தான். தண்ணீரும் அதே வழியில்தான் போகிறது.

இப்படி ஒரு மூட்டில் ஈரம் தங்க மூன்று இடங்கள் கிடைக்கின்றன: ரிவெட்டுக்கும் குழாய் விளிம்புக்கும் இடையில், அந்த விளிம்புக்கும் ரோலருக்கும் இடையில், உள்தகடும் வெளித்தகடும் உரசும் முகத்தில். ரிவெட்டுக்கு ரிவெட் 12.7 மி.மீ.; ஒரு செயினில் ஏறக்குறைய 110 முதல் 118 மூட்டுகள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஒளிவிடங்கள், ஒவ்வொன்றும் மயிரிழை அகலம். இவ்வளவு குறுகிய இடத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பது நுண்புழை ஈர்ப்பு. புவியீர்ப்பு அதனிடம் தோற்றுப்போகும். ஆணியில் தொங்கவிட்ட செயினின் அடியில் சொட்டுவது நின்றுவிட்டால் வெளித் தண்ணீர் வடிந்துவிட்டது என்று பொருள். மூட்டுக்குள் இருப்பது அசைந்திருக்காது. இரவெல்லாம் தொங்கினாலும் மழைக்காலக் காற்றில் அது முழுதாக வெளியேறும் என்று நம்ப முடியாது, ஏனென்றால் ஆவி வெளியேற வேண்டிய வாயும் அதே மயிரிழைச் சந்துதான்.

தகடுகளின் வெளிமுகம் ஐந்து நிமிடத்தில் உலர்ந்து பளபளக்கும். அதைப் பார்த்து எண்ணெய்ப் புட்டியை எடுப்பதுதான் பரவலான தவறு. முதலில் போய் உட்கார்ந்திருக்கும் தண்ணீர், பின்னால் வரும் எண்ணெய்க்கு இடம் விடாது. பெடல் மிதிக்கும்போது இரண்டும் கலந்து சாம்பல் படிந்த பால் போன்ற குழம்பாகும். சுமையைத் தாங்க வேண்டிய எண்ணெய்ப்படலம் அங்கே நிற்காது. எஃகு எஃகோடு உரசும்.

துரு இன்னொரு பக்கம். நன்றாகக் கழுவிய எஃகின் மேல் எண்ணெய்ப்பசையே இருக்காது, அதாவது பாதுகாப்பும் இருக்காது. தண்ணீரில் முழுக்கக் கிடக்கும் இரும்பைவிட, மெல்லிய நீர்ப்படலம் போர்த்திய இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். படலம் மெல்லிசாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் சட்டென்று உலோகத்தை எட்டிவிடுகிறது. பாதி காய்ந்த செயின் இருப்பது சரியாக அந்த நிலையில்தான். வியர்வை உப்போ சோப்பு மிச்சமோ ஒட்டியிருந்தால் அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் எஃகு அரிப்பு வேகமெடுக்கும் என்பது உலோகத் தொழிலில் பழகிய கணக்கு. நிக்கல் முலாம் பூசிய செயினானாலும், வெட்டுபட்ட தகட்டு ஓரங்களிலும் ரிவெட்டின் தட்டிய தலையிலும் துரு முதலில் எட்டிப்பார்க்கும்.

கடைசி அலசலே முதல் உலர்த்தல்

உலர்த்தும் வேலை கடைசி அலசலிலேயே தொடங்கிவிட வேண்டும். அந்த அலசல் கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும். செயினைச் சுருட்டி ஒரு எஃகுப் பாத்திரத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை அது மூழ்கும் அளவுக்கு ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பழைய ஸ்போக்கின் முனையை வளைத்து வைத்தால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தூக்க அதுவே கொக்கி.

ஏன் சூடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. செயினின் எடை சுமார் 250 கிராம். எஃகு ஒரு கிராம் ஒரு டிகிரி குளிர, 0.46 ஜூல் வெப்பத்தை விடும். 90 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 5,750 ஜூல். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2,300 ஜூல் போதும். ஆக, செயின் தன் சூட்டாலேயே 2.5 கிராம் தண்ணீரை விரட்டும் வலு பெற்றிருக்கிறது. பாதி வெப்பம் காற்றுக்கு வீணானாலும் ஒரு கிராமுக்கு மேல் போய்விடும், அதுவும் உள்ளிருந்து வெளியே. குளிர்ந்த தண்ணீரில் அலசிய செயினுக்கு இந்த உதவி கிடையாது. வெளியே துடைத்துவிட்டுக் காற்றை நம்பி உட்கார வேண்டியதுதான்.

சூடு ஆறுவதற்குள் உதறல். செயினை இரண்டாக மடித்து, முனைகளைச் சேர்த்துப் பிடித்து, திறந்த வெளியில் சாட்டை வீசுவது போலப் பத்துப் பதினைந்து தடவை. கையுறை அவசியம். சுவரும் கண்ணாடியும் ஆட்களும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இப்படி உதறும்போது தெறிக்கும் நீரின் அளவைப் பார்த்தாலே, தொங்கவிட்டால் எவ்வளவு உள்ளே தங்கியிருக்கும் என்பது புரியும்.

கிணற்று நீர், ஆழ்துளை நீர் போல உப்பு நிறைந்த தண்ணீரென்றால் காய்ந்தபின் வெள்ளைப் பொட்டுகள் நிற்கும். செயினுக்குள் சுண்ணாம்புத் துகள் விரும்பத்தக்கதல்ல. கடைசி ஒரு முறைக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் அரை லிட்டரைச் சூடாக்கிப் பயன்படுத்தலாம்.

மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைனில் கழுவுபவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே மூட்டுக்குள் இருப்பது தண்ணீரல்ல, மெல்லிய எண்ணெய்த் திரவம். அது மெதுவாகத்தான் ஆவியாகும். முழுதாகப் போகாமல் புது எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். மிதமான பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் ஒருமுறை குலுக்கி எடுத்துவிட்டுத்தான் மேலே சொன்ன அலசலுக்கு வர வேண்டும். மண்ணெண்ணெயில் தோய்ந்த செயினை நேரே சூடு காட்டவே கூடாது. அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 38 டிகிரியை ஒட்டியே தொடங்குகிறது. பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். கழுவும் பொருளாக அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

துரு நீக்கும் அமிலக் கரைசல், வினிகர் போன்றவையும் செயினுக்கு ஆகாது. கடினப்படுத்திய எஃகுத் தகடுகள் அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். அமில, காரக் கரைசல்களால் செயின் அறுந்துபோகலாம் என்று சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

துணி, மூட்டு, ஆல்கஹால்

உதறியதும் பழைய பருத்தித் துணி. மைக்ரோஃபைபர் துணி தகட்டு ஓரத்திலும் பல்லிலும் மாட்டி இழை இழையாகக் கிழியும். அந்த இழை ரோலருக்குள் போனால் எடுப்பது தொல்லை. துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்து, நீளவாக்கில் இரண்டு முறை உருவுங்கள். துடைப்பது அவ்வளவே.

அடுத்தது அநேகம் பேர் செய்யாத வேலை. ஒரு ஸ்க்ரூடிரைவரின் உருண்டைத் தண்டைக் கிடையாகப் பொருத்தி, அதன்மேல் செயினைப் போட்டு, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு மூட்டும் தண்டின்மேல் ஏறி இறங்கும்போது மடிந்து நிமிரும். தகட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு நீர்மணிகள் துளிர்ப்பதைப் பார்க்கலாம். துணியால் ஒற்றிவிட்டு, செயினைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமாக மடியும்படி மறுபடி இழுங்கள். அசைவுதான் இங்கே பம்பு. அசையாமல் கிடக்கும் மூட்டு தன் தண்ணீரைத் தானாக விடாது.

இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இது தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகு என்றால் இதனுடையது சுமார் 22. தண்ணீர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் சந்துக்குள் இது சுலபமாக நுழைந்து அதைக் கரைத்து இழுத்து வரும். அரை லிட்டர் கொள்ளும் மூடியுள்ள ஜாடியில் செயினைச் சுருட்டிப் போட்டு 200 முதல் 250 மில்லி ஊற்றினால் மூழ்கிவிடும். ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி எடுங்கள்.

வாங்கும்போது சதவீதத்தைப் பாருங்கள். கை சுத்திகரிப்புக்கென்று விற்கும் 70 சதவீதப் புட்டியில் மீதி 30 பங்கு தண்ணீர். ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகிவிட, கடைசியில் செயினுக்குள் மிஞ்சுவது அந்தத் தண்ணீர். 99 சதவீதமே இந்த வேலைக்கு உரியது. ஒருமுறை பயன்படுத்தியதைக் கொட்ட வேண்டாம். பெயர் எழுதி மூடி வைத்து அடுத்த முறை முதல் குலுக்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிக் குலுக்கலுக்கு மட்டும் புதியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் சேரும் தண்ணீர் பிரிந்து அடியில் தங்காது, கலந்தே கிடக்கும். ஆகவே நிறம் தெளிவாக இருப்பதை வைத்து அது இன்னும் வலுவாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆல்கஹாலின் தீப்பற்றும் வெப்பநிலை வெறும் 12 டிகிரி. அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, சிகரெட், ஹேர் டிரையர் எதுவும் அருகில் கூடாது. காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரம் தொங்கவிட்டு, வாடை முற்றிலும் போன பிறகே சூட்டைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். செயினைத் தொட்டால் சில்லென்றிருக்கும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் அந்தக் குளிர்ச்சி பனிநிலைக்கு (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போய்விட்டால், காற்றிலுள்ள நீராவி செயின்மேலேயே வியர்த்துப் படியும். தண்ணீரை விரட்டப் போய், புதுத் தண்ணீரை வரவழைத்த கதை. "ஆல்கஹால் போட்டும் துரு வந்தது" என்ற புகார்களில் ஒரு பங்கு இதனால்தான் என்பது என் கணிப்பு. வாடை போனபிறகு மிதமான சூடு காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு

தண்ணீரில் மட்டும் கழுவிய செயினுக்கு 70 முதல் 80 டிகிரியில் அரை மணி நேரம் போதும். சமையலுக்குப் பயன்படாத பழைய சிறு அவன் கையில் இருந்தால் நல்லது, கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியேறாது. கரைப்பான் எதுவும் பட்ட பொருளை அவனில் வைக்கக் கூடாது என்பதில் விதிவிலக்கே கிடையாது.

ஹேர் டிரையர் என்றால் செயினை நான்காக மடித்துத் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து பத்து நிமிடம். நடுவே இரண்டு முறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் செயின் சுட வேண்டும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். 200 டிகிரியைத் தாண்டினால் கடினப்படுத்திய எஃகின் கடினமே இளகத் தொடங்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் அதுவும் போயிற்று. நல்ல வெயிலில் இரும்புத் தகட்டின் மேல் இரண்டு மணி நேரம் வைப்பதும் தாராளமாகச் செய்யலாம், அவ்வப்போது மூட்டுகளை மடித்து நிமிர்த்தினால்.

கம்ப்ரஸர் காற்று செயினுக்கு மிக நல்லது, நிபந்தனைகளோடு. தொட்டியின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கும். வடிகுழாயைத் திறந்து அதை வெளியேற்றாமல் ஊதினால் உலர்த்துவதற்குப் பதிலாக நனைத்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணெய் இட்ட கம்ப்ரஸரானால் எண்ணெய்த் துகளும் வரும், எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு போடப்போகும் செயினுக்கு அது ஆகாது. 2 முதல் 3 பார் அழுத்தம் போதுமானது. செயினை ஒரு துணிமேல் கிடத்தி, ரோலர் நடுவைப் பார்த்துச் சாய்வாக, கண்ணி கண்ணியாக ஊதுங்கள். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்கும் யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. அது காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சும். சந்துக்குள் இருக்கும் திரவத்தை எட்டிப் பிடித்து இழுக்காது. காய்ந்த செயினைச் சேமித்து வைக்க உதவும், காயவைக்க அதை நம்ப முடியாது.

டபிள்யூடி-40 பற்றியும் கேட்பார்கள். 1953இல் தண்ணீரை விலக்கும் நோக்கத்தோடேயே உருவாக்கப்பட்ட கலவை அது. அந்த வேலையைச் செய்யவும் செய்கிறது. சிக்கல் என்னவென்றால் அது தன் பங்குக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப்படலத்தை விட்டுச்செல்லும். கனமான செயின் எண்ணெய் விடப்போகிறீர்கள், உடனே கிளம்ப வேண்டும் என்றால் அடித்து, சுற்றி, அழுத்தித் துடைத்துவிட்டு மேற்கொண்டு போகலாம். மெழுகு போடப்போகிறீர்களென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மெழுகு எண்ணெய்ப்பசையின் மேல் ஒட்டாது, முதல் சில கிலோமீட்டரில் செதில் செதிலாக உதிரும்.

காய்ந்துவிட்டதைக் கண்டுபிடிப்பது

பார்வையை நம்பக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. எளிய சோதனை டிஷ்யூ காகிதம். செயினின் ஒரு சாண் நீளத்தை இரண்டு மடிப்புக் காகிதத்துக்குள் வைத்து இறுக்கிப் பிடித்து, மூட்டுகளைப் பத்து முறை மடித்து நிமிர்த்துங்கள். காகிதத்தில் ரோலர் வரிசையில் ஈரப்பொட்டு விழுந்தால் இன்னும் இருக்கிறது. தொங்கவிட்ட செயினின் கீழ்முனைதான் கடைசியாகக் காயும், ஆகவே சோதனை அங்கே நடக்கட்டும்.

துல்லியம் விரும்புபவர்களுக்குத் தராசு. 0.1 கிராம் காட்டும் மின்தராசில் செயினை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி நிறுங்கள். எடை குறைந்திருந்தால் முதலில் அது காயவில்லை. இரண்டு எடையும் ஒன்றாகும்வரை திருப்பிச் செய்யலாம். அதிகப்படி என்று தோன்றலாம். ஆனால் உங்கள் ஊதல், வெயில், ஹேர் டிரையர் இவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு முறை இப்படி அளந்து பார்த்துவிட்டால், பிறகு தராசே தேவைப்படாது.

ஓசையும் சொல்லும். எண்ணெய்ப்பசையோ ஈரமோ இல்லாத செயினை உள்ளங்கையில் கொட்டினால் கலகலவென்று தனித்தனிக் கண்ணியாகச் சத்தம் வரும். ஈரம் இருந்தால் சத்தம் மழுங்கும். பழகிய காதுக்கு மட்டும்தான் இது, புதியவர்கள் காகிதத்தோடு நிற்கலாம்.

கேசட்

கேசட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிக் கழுவியிருந்தால் உலர்த்துவது சுலபம். பல்சக்கரங்களில் சில தனித்தனியாக வரும், நடுவே பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ஸ்பேசர்கள். பெரியவை ஒரு தாங்கியோடு ரிவெட் அடித்து ஒன்றாக இருக்கும். தனித்தனியானவற்றை ஸ்பேசர்களோடு சேர்த்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு நீள ஜிப் டையில் கோத்துவிடுங்கள். வரிசை மாறாது, தளர்வாகத் தொங்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் காற்றும் போகும். ஈரமான செய்தித்தாளின்மேல் படுக்கப்போட்டால், தாள் தொட்ட இடத்திலெல்லாம் வட்டமாகத் துரு அச்சு விழும்.

ரிவெட் அடித்த கொத்தில்தான் கவனம் தேவை. எஃகுப் பல்லும் அலுமினியத் தாங்கியும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். வெள்ளைப் பொடி போல அலுமினியம் பூக்கும். பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, பல்சக்கரங்களுக்கு நடுவே நுழைத்து இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் துடையுங்கள். பிறகு சூடான காற்று ஐந்து நிமிடம். கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கின் மரையிலும், அதன் உள்முகத்தில் உள்ள வரிப்பற்களிலும் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை மறக்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் ஃப்ரீஹப் (சக்கரத்தில் கேசட் ஏறி உட்காரும் உருளை) உடலின் வரிகளை உலர்ந்த துணியால் துடைத்து, விரல்நுனியில் தொட்டெடுக்கும் அளவு கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். லாக்ரிங் மரைக்கும் கொஞ்சம். முறுக்கும் அளவு அதன்மேலேயே பொறித்திருக்கும், பொதுவாக 40 நியூட்டன் மீட்டர்.

கழற்றாமல், சக்கரத்தோடு கேசட்டைக் கழுவியவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சக்கரத்தைப் படுக்கவைத்தா கழுவினீர்கள்? அப்படியென்றால் டிகிரீசர் கலந்த தண்ணீர் ஃப்ரீஹப்பின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பெடலை நிறுத்தினால் வரும் வழக்கமான டிக்டிக் சத்தம் திடீரென்று கூர்மையாகவும் உரக்கவும் கேட்டால் உள்ளிருந்த கிரீஸ் கரைந்து போயிருக்கலாம். வெளியிலிருந்து சூடு காட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஃப்ரீஹப்பைத் திறந்து, துடைத்து, புதிதாக மசகிட வேண்டும்.

ஜாக்கி சக்கரம், டிரெய்லியர்

ஜாக்கி சக்கரங்கள் இரண்டு வகை. புஷ் உள்ளவற்றில் இரு பக்க மூடித் தகடும் நடுவில் ஒரு குழல் புஷ்ஷும் தனித்தனியாகக் கையோடு வரும். எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்து மூடினால் வேலை முடிந்தது. மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் பார்க்க ஒன்று போலிருக்கும், ஆனால் பல மாதிரிகளில் மேலுள்ளதற்குப் பக்கவாட்டில் சற்று ஆட்டம் விட்டிருப்பார்கள். அது கியர் பொருந்துவதற்காக. காயப்போடும்போது இடம் மாற்றிவிடாமல் தனித்தனியாக வையுங்கள், சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

மூடிய பேரிங் உள்ள வகையை டிகிரீசரில் மூழ்கடிக்கவே கூடாது. மூழ்கடித்துவிட்டால் அறிகுறி பலரை ஏமாற்றும்: விரலால் சுண்டினால் சக்கரம் முன்னைவிட நெடுநேரம், லேசாகச் சுற்றும். சுத்தமாகிவிட்டது என்று மகிழ்ச்சி வரும். உண்மையில் ரப்பர் மூடியும் கிரீஸும் உள்ள நல்ல பேரிங் சற்றுப் பிடிப்போடுதான் சுற்ற வேண்டும்; நெடுநேரம் சுற்றினால் கிரீஸ் போய்விட்டது. மெல்லிய கத்திமுனையால் ரப்பர் மூடியை உள்விளிம்பில் மெதுவாக நெம்பி எடுத்து, ஆல்கஹாலில் அலசி, இளஞ்சூட்டில் உலர்த்தி, உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு கிரீஸ் வைத்து மூடுங்கள். உலர்த்துகிறேன் என்று கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருக்க வேண்டும். மசகில்லாத குண்டுகள் அந்த வேகத்தில் ஓடுபாதையைக் கீறிவிடும்.

இந்தச் சக்கரங்களின் போல்ட்டுகள் சிறியவை, 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கப்படுபவை. மரையில் நடுத்தர வலுவுள்ள பூட்டுப் பசை போடுவது வழக்கம். ஈரமோ எண்ணெயோ இருக்கும் மரையில் அந்தப் பசை பிடிக்காது. போகும் வழியில் போல்ட் கழன்று விழுந்தால் டிரெய்லியரே ஸ்போக்குக்குள் போய்விடும். மரையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே பசை.

டிரெய்லியரைக் கையால் உள்ளே வெளியே முழு வீச்சுக்கும் இருபது முறை தள்ளுங்கள். செயினுக்குச் செய்த அதே வேலைதான், மூட்டுகளிலிருந்து தண்ணீர் துளிர்க்கும். ஒற்றி எடுத்து, இளஞ்சூட்டுக் காற்று காட்டி, ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி. செயின் துள்ளாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ளதானால் அதன் மூடியைக் குறிவைத்துத் தண்ணீரோ காற்றோ அடிக்க வேண்டாம். டிரெய்லியரிலேயே பேட்டரி மாட்டும் மின்னணு கியர் என்றால் பேட்டரியைக் கழற்றி, இரு பக்க முனைகளையும் துடைத்துக் காய்ந்ததை உறுதிசெய்தபின் மாட்டுங்கள். கம்பி கியரில் டிரெய்லியருக்குள் நுழையும் கடைசி வளைவு உறைதான் தண்ணீர் தேங்கும் பள்ளம். கியர் மாறுவது கனமாகிவிட்டால் முதல் சந்தேகம் அங்கே விழட்டும். உட்கம்பியை உருவி, உறைக்குள் ஊதி, துடைத்துத் திரும்ப விடுங்கள்.

கிராங்கில் சொல்ல அதிகமில்லை. செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட்டுகளைச் சுற்றித் துடைத்துவிட்டால் போதும். பாட்டம் பிராக்கெட்டை (கிராங்கின் அச்சு சுற்றும் பேரிங் பகுதி) நோக்கி அழுத்தமாகத் தண்ணீர் அடித்திருந்தால், சீட் கம்பத்தை உருவிவிட்டு ஃபிரேமைத் தலைகீழாகச் சிறிது நேரம் நிறுத்தி வையுங்கள். அடியில் வடிதுளை இருந்தால் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய், மெழுகு, அவசரம்

காய்ந்த செயினைச் சும்மா தொங்கவிட்டு நாள் கடத்தாதீர்கள். எண்ணெய்ப்பசையற்ற எஃகு காற்றிலேயே துருப்பிடிக்கும். இளஞ்சூடாக இருக்கும்போதே எண்ணெய் விடுவது உத்தமம்; சூட்டில் எண்ணெய் இளகிச் சந்துக்குள் சீக்கிரம் இறங்கும். ரோலருக்கு ஒரு துளி, உள்பக்கத்திலிருந்து. பெடலைப் பின்னோக்கி இரண்டு நிமிடம் சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளிமுகத்தைத் துடைத்துவிடுங்கள்.

புட்டியில் வரும் நீர் கலந்த மெழுகுத் திரவத்துக்கு இரண்டாவது உலர்த்தல் உண்டு. அதில் மெழுகைச் சுமந்து வருவதே தண்ணீர். அது ஆவியான பிறகுதான் மெழுகு படலமாகும். மாலையில் விட்டு மறுநாள் காலையில் ஓட்டுவதே முறை. விட்ட அரை மணியில் கிளம்பினால் பாதி மெழுகு சாலைக்குப் போகும், மூட்டுக்குள் மீண்டும் தண்ணீர்.

உருக்கிய மெழுகில் முக்குபவர்களுக்கு, முக்கும்போது வரும் குமிழிகள் மூட்டிலுள்ள காற்று வெளியேறுவதைக் காட்டும். அது நின்றபிறகே எடுக்க வேண்டும். ஈரச் செயினை முக்கினால், 100 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கும் மெழுகில் தண்ணீர் ஆவியாகி ஓடாது. கனம் என்பதால் பானையின் அடியில் போய்த் தங்கும், அடுத்து முக்கும் செயினையும் கெடுக்கும். அதற்கு மேல் சூடேறிவிட்டால் சடசடவென்று தெறித்துக் கையைச் சுடும். மெழுகிட்ட செயினை மழையில் ஓட்டி வந்தவர்கள் அன்றே துடைத்து, ஹேர் டிரையர் காட்டிவிட வேண்டும். எண்ணெய்ச் செயின் ஓரிரவு பொறுக்கும், மெழுகுச் செயின் பொறுக்காது.

லேசாகச் செம்மஞ்சள் பூத்துவிட்டாலும் பதற வேண்டாம். விரலில் ஒட்டிக்கொண்டு வரும் தூளென்றால் அது மேல்துரு. எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்து, மூட்டுகளை மடித்துப் பாருங்கள். மடங்க மறுக்கும் மூட்டு இருந்தால் எண்ணெய் விட்டு, இரு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் மெல்ல அசைத்துவிடுங்கள். அப்படியும் விறைப்பு போகாவிட்டால், அல்லது தகட்டில் குழி விழுந்திருந்தால், அந்தச் செயினின் காலம் முடிந்தது.

நேரமே இல்லை, இன்னும் முக்கால் மணியில் கிளம்ப வேண்டும் என்றால், கொதிநீரில் ஒரு முக்கல், பலமாக உதறல், ஸ்க்ரூடிரைவர் தண்டின்மேல் இரு பக்கமும் ஓர் இழுப்பு, ஹேர் டிரையர் பத்து நிமிடம், சூட்டோடு சூடாக மெல்லிய எண்ணெய் தாராளமாக. திரும்பி வந்ததும் வெள்ளைத் துணியால் செயினை உருவிப் பாருங்கள். துணியில் கறுப்பு மட்டும் வந்தால் சரி. பால் கலந்த சாம்பல் நிறமோ பழுப்போ வந்தால் உள்ளே தண்ணீர் தங்கிவிட்டது. அன்றிரவே மறுபடி கழுவி, இந்த முறை முழுதாகக் காயவைத்து, எண்ணெயைப் புதிதாக விடுங்கள்.